மூன்று கல்லும் பத்மகுமாரின் பலகையும்

ஸ்ரீவராகம்,
திருவனந்தபுரம்.

மாப்பிள்ளை சுமந்த் அவர்களுக்கு மாமனார் நாகேஸ்வரன் எழுதுவது. நீங்களும் ஸ்நேகாவும் அங்கே க்ஷேமமாயிருக்கப் பகவானை வேண்டுகிறேன். இங்கே நானும் உங்கள் மாமியாரும் சௌக்கியம். என் வலது தோள்பட்டை மட்டும் சௌக்கியமில்லை. அதற்குக் காரணம் தாங்கள் என்பதால் இக்கடிதம்.

அடுத்த வீட்டுப் பத்மகுமாரும் நானும் ரிடையரான நாள் முதல் சாயங்காலம் தவறாமல் கேரம் ஆடுகிறவர்கள். பலகை அவருடையது. தொடர்ந்து பதினோரு ஆட்டம் தோற்ற பிறகு, பலகை நடுவில் குழி என்று சொல்லிவிட்டேன். "என்டெ பலகையில குழியா? ஸ்வாமி தெளிவு காட்டணும், கேட்டோ!" என்று அதைத் தூக்கிக்கொண்டு போனவர் அப்புறம் வரவே இல்லை.

அவர் கேட்ட தெளிவுக்கு, அதாவது ஆதாரத்துக்கு, உங்களிடம் போனில் யோசனை கேட்டேன். ஸ்கேலை வைத்துப் பார்க்கட்டுமா என்றால், அந்த ஸ்கேல் நேரென்று யார் சொன்னது என்றீர்கள். அப்படியானால் உலகத்தின் முதல் தட்டையான பரப்பை எதை வைத்துச் சரிபார்த்தார்களாம் என்று கேட்டேன். மூன்று கல்லை மாற்றி மாற்றித் தேய்த்தால் போதும் என்றீர்கள். இரண்டே கல் என்றால் ஒன்று குழிந்து மற்றது புடைத்து, ஒன்றோடொன்று கனகச்சிதமாகப் பொருந்தி, இரண்டுமே தப்பாயிருக்கும். மூன்றாவது வந்தால் இரண்டோடும் பொருந்தாமல் குட்டு வெளிப்பட்டுவிடும் என்றும் விளக்கினீர்கள். எத்தனை நாளாகும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஓரடிக் கிரானைட் கல் மூன்று வாங்கி, மணலும் தண்ணீரும் விட்டு முற்றத்தில் தேய்த்தேன், மேடு தெரியச் சாயம் வேண்டுமே என்று நல்லெண்ணெயில் குங்குமத்தைக் குழைத்துப் பூசினேன், "ஏன்னா, கோவில் குங்குமத்தைக் கல்லுக்குப் பூசறேளே, அது என்ன சுமங்கலியா?" என்று உங்கள் மாமியார் அன்றைக்குக் காப்பி தரவில்லை. மூன்றாம் நாள் மதிலுக்கு மேலே பத்மகுமாரின் தலை தெரிந்தது. "எந்தா ஸ்வாமி, எப்பவும் ஒரு கரகர சத்தம்?" விஷயத்தைச் சொன்னேன். வந்து எதிரே உட்கார்ந்து கல்லின் மறுபக்கத்தைப் பிடித்தார். தேய்க்க ஆள் வேண்டாம் என்றா சொல்ல முடியும்? சாயங்காலந்தோறும் நாற்பத்தோரு நாள் தேய்த்தோம். பலகையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

நேற்று பலகை வந்தது. குங்குமம் பூசிய கல்லை அதன்மேல் இடம் இடமாக வைத்து எடுத்தோம். குழியிருந்தால் அங்கே சிவப்பு ஒட்டாது. பலகை முழுக்கச் சிவந்துவிட்டது. எண்ணெய் இறங்கிவிட்டதால் இனி அதில் காயும் நகராது. நல்ல மனிதரைச் சந்தேகித்தோமே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. கையைக் கூப்பி மன்னிப்புக் கேட்டேன்.

ஸ்நேகாவுக்கு எங்கள் ஆசிகள். தங்கள் தகப்பனாருக்கும் தாயாருக்கும் என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
நாகேஸ்வரன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது பத்மகுமார் வந்தார். "ஸ்வாமி, குழி உண்டாயிருந்து. ஞான் கல்லு தேய்க்க வந்த அன்னைக்கே ஆசாரியை விளிச்சு, அடியில சட்டம் அடிச்சு நேராக்கிட்டேன்" என்றார். "அப்புறம் எதுக்கு ஓய் என்னோட உக்காந்து தேய்ச்சீர்?" என்றேன். "பின்னே சாயங்காலம் ஞான் எங்கே போக?" என்றார். மன்னிப்பை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. கல் தட்டையாகிவிட்டது, அதன் மூலைகளைச் செங்கோணமாக்க ஏதாவது முறை உண்டென்றால் உடனே தெரிவிக்கவும். அதிக நாள் பிடிக்கும் முறையாக இருந்தால் விசேஷம்.