பிரஷர் பார்க்கும்போது பேசக் கூடாது

அன்பு மகனுக்கு,

அம்மாவின் ஆசிகள். நீயும் மருமகளும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள். நானும் நலம், நீதான் நம்ப மாட்டேன் என்கிறாய். எனக்குப் பிரஷர் எகிறிவிட்டது, இனித் தனியாக விடக் கூடாது என்று நீயே முடிவு கட்டி, மாடியறையில் எனக்குக் கட்டிலும் போட்டுவிட்டாயாம். அதை இன்றே பிரித்துவிடு. காரணத்தைச் சொல்கிறேன், முணுமுணுக்காமல் படி.

கிளினிக்கில் டாக்டருக்கு உதவியாக ஒரு பெண் இருக்கிறாள். நான் வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். வீட்டில் பிரஷர் பார்க்கும் முறையை அவள்தான் சொல்லித் தந்தாள். சொல்லித் தந்தாள் என்பது மரியாதைக்கு. எந்த நிலையத்திலும் நிற்காமல் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, "புரிஞ்சுதாம்மா?" என்றாள். கான்வென்ட்டில் படித்தவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? "நன்றாகப் புரிந்தது" என்றேன். அடுத்த முறையும் அதே கேள்வி, அதே பதில். வீட்டிலோ எண் ஏறிக்கொண்டே போனது. நேற்று டாக்டர் மாத்திரையைக் கூட்டப் பேனாவைத் திறந்துவிட்டார்.

"ஒரு நிமிஷம் டாக்டர்" என்றாள் எக்ஸ்பிரஸ். "அம்மா, நான் ஒழுங்கா சொல்லிக் குடுத்தேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. வீட்ல எப்படிப் பாப்பீங்களோ, அப்படியே செஞ்சு காட்டுங்களேன்."

இப்படிக் கேட்டால் நான் ஏன் மறுக்கப் போகிறேன்? பள்ளியில் மதர் பழக்கியபடி, நாற்காலி நுனியில், முதுகு எதிலும் படாமல், கணுக்கால்களைப் பின்னிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். கஞ்சி போட்ட ரவிக்கைக் கையின் மேலேயே பிரஷர் மெஷினின் பட்டையைச் சுற்றி, பொத்தானை அழுத்தி, கைப்பேசியில் உன்னை அழைக்கப் போனேன்.

"இப்ப போன் எதுக்கும்மா?" என்றாள் எக்ஸ்பிரஸ்.

"நம்பர் வர வர மகனுக்குப் படிச்சுக் காட்ட வேண்டாமா?"

"அவர் என்ன சொல்வாரு?"

"வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பும்மான்னு கத்துவான். நான் வர மாட்டேன்னு அதைவிடக் கத்துவேன். அதுக்குள்ள மெஷின் நின்னுடும்."

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. எக்ஸ்பிரஸ் வாய்விட்டே சிரித்துவிட்டாள். "அம்மா, இது உங்க பிரஷர் இல்ல, உங்க ரெண்டு பேரு சண்டையோட பிரஷர்!"

பிறகு நிதானமாக, ஒவ்வொன்றாகச் செய்யவைத்தாள். முதுகைச் சாய்த்தேன், மனதுக்குள் மதரிடம் மன்னிப்பும் கேட்டேன். பாதம் இரண்டும் தரையில், பட்டை வெறுந்தோலில், கை மேசைமேல். ஐந்து நிமிடம் வாய் திறக்கவில்லை, நம்பு. எண் சமர்த்தாக இறங்கி வந்தது. டாக்டர் பேனாவை மூடிவிட்டார்.

சும்மா வருவேனா? "இனிமே யார்கிட்டயும் புரிஞ்சுதான்னு கேக்காதே. கௌரவமான மனுஷங்க எல்லாரும் புரிஞ்சுதுன்னுதான் சொல்வோம்" என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன்.

"சரிங்கம்மா. இனி பேசாம பாக்கணும், புரிஞ்சுதா?"

"நன்றாகப் புரிந்தது."

"ஐயோ! மறுபடியும் செஞ்சு காட்டுங்க!"

ஆகவே என் உடம்பு பத்திரம். என் வீட்டில் நானே இருப்பேன். மருமகளுக்கு அன்பு, பேத்திக்கு முத்தம்.

நிமிர்ந்த முதுகுடன்,
அம்மா

பி.கு.: பிரஷர் பார்க்க உட்காரலாமென்று வீடு முழுக்கத் தேடினேன். எல்லாம் முக்காலியும் பெஞ்சும்தான். ஒருவரும் சரிந்து கிடக்கக் கூடாதென்று நானே பார்த்துப் பார்த்து வாங்கியவை. சாய்வதற்கு எனக்குத் தெரிந்து உன் வீட்டுச் சோபாதான் உண்டு. அதை லாரியில் ஏற்றி அனுப்பு. முடியாதென்றால் கட்டிலைப் பிரிக்காதே, நானே சோபாவிடம் வருகிறேன். ஆனால் பட்டையைச் சுற்றியிருக்கும்போது நீ வாயைத் திறக்கக் கூடாது. புரிந்ததா என்று கேட்க மாட்டேன். வந்ததும் செய்து காட்டு.