மேலே யாரும் இல்லை

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு ஹரிதா எழுதுவது. எல்லாரும் தூங்குகிற நேரத்தில் வாட்ஸ்அப்பில் எழுதுவதற்கு மன்னிக்கணும், பாப்பா இப்பதான் கண்ணசந்தாள். இங்கே நலம். மதினிக்கு முதுகுவலி தேவலையா?

பொங்கலுக்கு வந்தப்ப, ஒரு வீடு எழும்பினால் சிமெண்ட் வியாபாரி முதல் ஜன்னல் திரை தைக்கிறவர் வரை பிழைப்பார்கள், வீட்டுக் கொள்கை நன்றாக இருந்தால் நாட்டுப் பொருளாதாரமே நிமிர்ந்துவிடும் என்று பேசினீர்கள். பி.ஏ.வில் நானும் அதைப் பத்து மார்க்குக்கு எழுதினவள்தான். கீழே சமையல், மேலே பள்ளிக்கூடப் பை தைக்கிற மெஷின், அதன் பக்கத்திலேயே எங்கள் படுக்கை என்று இருக்கிற தாராவி வீடு அந்தக் கொள்கையில் எங்கே வரும் என்று நீங்களும் சொல்லலை, எனக்கும் தெரியலை. தாராவியை இடித்துக் கட்ட எடுக்கிற சர்வேயில் மாடியில் தனிக்குடித்தனம் என்று எழுதிவிட்டால் எங்களை மட்டும் பிரித்து எங்கேயோ தூரத்து மான்குர்த்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சந்து முழுக்கப் பேச்சு. அங்கே போனால் எங்களுக்கு யார் ஆர்டர் தருவார்?

இன்று சர்வேக்காரர்கள் வருகிறார்கள் என்றதும் உங்க மச்சான் வெளியே சாத்தியிருந்த ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் ஒளித்துவிட்டார். ஏணி இல்லாவிட்டால் மேலே வெறும் பரண் மாதிரி தெரியுமாம். நானும் பாப்பாவும் மேலே இருந்தது அவர் ஞாபகத்தில் இல்லை. சர்வே மேடம் ஹிந்தியில் மேலே யார் என்று கேட்க, என் மாமியார், "கோயி நஹி, காலி சாமான்" என்றார். யாருமில்லை, வெறும் சாமானாம். உடனே சாமான் "ஆச்சி, பானி" என்று கத்தியது. அத்தை அசரலையே, "பில்லி" என்றார். பூனையாம்.

"பூனைக்குத் தண்ணி டம்ளர்லயா, தட்டுலயா?" என்று கேட்டார் மேடம்.

நான் தலையை நீட்டி வணக்கம் சொன்னேன். வேறென்ன செய்ய? அவர் சிரித்துவிட்டு, எத்தனை அடுப்பு என்று கேட்டார். ஒன்றுதான். "ஒரு அடுப்புன்னா ஒரே வீடு" என்று மேலேயும் கீழேயும் சேர்த்து எழுதி, பை தைப்பதையும் தானே கேட்டுக் குறித்துக்கொண்டார். அண்ணே, நெஞ்சு மேலிருந்து தையல் மெஷினை இறக்கி வச்ச மாதிரி இருக்கு.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு. கோபர்கைரனேயில் உங்கள் ஏழாம் மாடிக்கு லிஃப்ட் என்றும் நிற்காமல் ஓட வேண்டிக்கொள்ளும்,
தங்கை ஹரிதா

பி.கு.: நான் இன்னும் மேலேதான் இருக்கேன். உங்க மச்சான் ஏணியை ஒளித்தது பக்கத்து வீட்டு ராஹில் பாய் டெம்போவில். அது லோடோடு மான்குர்த் போய் அங்கேயே பிரேக்டவுன். சந்தில் எல்லாரும் ஏணியை ஒளித்துவிட்டு, "எங்களுக்கு ஏது ஏணி" என்கிறார்கள். இட்லி கயிற்றில் ஏறி வருகிறது. பாப்பாவுக்குப் பால் காய்ச்ச அத்தை பாவம் பார்த்து ஒரு கரண்ட் அடுப்பையும் கயிற்றில் ஏற்றிவிட்டார். இப்ப அடுப்பு ரெண்டு, மேடம் காலையில் போட்டோ எடுக்க வருகிறார். உங்கள் கட்டடத்தில் ஏணி இருக்குமா? சீக்கிரம் பதில் போடுங்க.