ஆய்வகத்தில் நான் ஒட்டிய சிவப்புச் சீட்டுகள்

ஓய்வுபெற்ற மனிதரிடம் கருத்துக் கேட்பது ஆபத்தானது. அவரிடம் நேரமும் இருக்கும், கருத்தும் இருக்கும். என்னிடம் இவ்விரண்டோடு ஒரு சுருள் சிவப்பு ஒட்டுச்சீட்டும் இருந்தது.

ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகனாக இருந்தவன் நான். குறையுள்ள உதிரிபாகத்தின்மீது சிவப்புச் சீட்டு ஒட்டி, காரணம் எழுதி ஒதுக்கிவைப்பேன். நல்லதற்குப் பச்சைச் சீட்டு. பள்ளியைப் பாதியில் விட்டவனாயினும், தமிழை நானே பயின்று, செந்தமிழில் காரணம் எழுதுவதில் பெயர் பெற்றிருந்தேன். (பெயர் பெற்றேன் என்பது என் கணக்கு. கேலி பண்ணினாங்க என்பது மற்றவர் கணக்கு.)

ஓய்வுக்குப்பின், ஒரு பல்கலைக்கழகம் சனிக்கிழமைதோறும் நடத்திய கணினி அறிவியல் சான்றிதழ் வகுப்பில் சேர்ந்தேன். உடன் பயின்றோர், இரவு ஷிப்ட் முடித்துத் தூக்கக் கண்களோடு வரும் இளைஞர்கள். ஆசிரியை ஷைலஜா ஒப்பந்தப் பணியாளர்.

ஒருநாள் அவர் தயக்கத்தோடு சொன்னார்: "அடுத்த வாரம் யுனிவர்சிட்டி கமிட்டி வராங்க. பாடம் எப்படி, லேப் எப்படின்னு உங்க கருத்தைப் பாத்துதான் என்னை வெச்சுக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுவாங்க. இந்த ஃபார்ம்ல ஒவ்வொண்ணுக்கும் அஞ்சுக்கு மார்க் போடுங்க, பேர் போட வேண்டாம். மனசுல பட்டதைச் சொல்லுங்க."

பக்கத்து இருக்கை நவீன் கைப்பேசியைத் தட்டியபடியே, ஓசூர்க் கன்னடம் கலந்து சொன்னான்: "யோசிக்காதீங்க தாத்தா. சும்னே எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுட்டு வாங்க. தேன்கனிக்கோட்டை பஸ் போயிடும்."

"தம்பி, எல்லாவற்றுக்கும் ஐந்து என்றால் அந்த ஐந்துக்கு என்ன மதிப்பு?" என்றேன். அவன் கொட்டாவி விட்டான்.

ஷைலஜாவின் வேலையைக் காப்பது என் கடமை என்று தோன்றியது. நல்லது கண்ணில் பட வேண்டுமானால் கெட்டதைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்பது தொழிற்சாலைப் பாடம். அறை முழுவதும் சிவப்பாகி, ஆசிரியை மட்டும் மிஞ்சினால் குழுவுக்குப் புரிந்துவிடும் அல்லவா? (எனக்குப் புரிந்தது. அதுதான் வினை.)

மறுவாரம் முதல் ஆளாகப் போனேன். மின்விசிறியின் சுவிட்சில், "ஓசை உண்டு, காற்று இல்லை." ஒரு மவுஸின் முதுகில், "இடப்பக்கம் செல்ல மறுக்கிறது." பாடத்திட்டப் பலகையில், "இதிலுள்ள மென்பொருள் என்னோடு ஓய்வு பெற்றிருக்க வேண்டும்." இறுதியாக, ஆசிரியையின் நாற்காலி. ஒரு கால் ஊசலாடியது. குழுவின் கண்ணில் படும்படி அதன் சாய்மானக் கம்பிகளின் பின்புறத்தில் ஒட்டினேன்: "ஆட்டம் அதிகம். தகுதியற்றது. உடனடியாக அகற்றுக."

எண்ணெய் படிந்த இரும்பிலேயே உறுதியாக நிற்கும் பசை அது. கம்பிகளின் இடைவெளியில் பருத்திப் புடவையைக் கண்டால் சும்மா விடுமா? அவசரமாக வந்த ஷைலஜா எதையும் கவனியாமல் அமர்ந்தார். வருகைப் பதிவு எடுத்தார். குழு நுழைந்ததும் எழுந்து, கரும்பலகையில் எழுதத் திரும்பினார்.

அவர் முதுகில் என் செந்தமிழ் இருந்தது.

கடைசி வரிசையில் சிரிப்பு வெடித்தது. குழுவோடு வந்த துறைத்தலைவர் பாய்ந்து வந்து சீட்டைப் பிய்த்து உரக்கப் படித்தார். "யார் இதை எழுதுனது?"

பெயர் போடாத கருத்துதான். ஆயினும் மொத்த வகுப்பும் என் பக்கம் திரும்பியது. "'அகற்றுக'ன்னு எழுதிட்டு பேர் வேற போடணுமா தாத்தா?" என்றான் நவீன்.

ஷைலஜாவின் கண்கள் கலங்கின. "நான் என்ன சார் தப்பு பண்ணேன்?"

எழுந்தேன். "அம்மையீர், இக்குறிப்பு நாற்காலியைப் பற்றியதேயன்றித் தங்களைப் பற்றியதன்று. ஐயம் இருப்பின் இதோ மெய்ப்பிக்கிறேன்" என்று முழங்கி, அந்த நாற்காலியில் கம்பீரமாக அமர்ந்தேன்.

மெய்ப்பிக்கப்பட்டது. கால் ஒருபுறம், நான் ஒருபுறம்.

குழுத் தலைவியான அம்மையார் என்னைக் குனிந்து பார்த்தார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார். "ஏங்க, இந்த ரூம்ல நீங்க ரெட் ஒட்டாதது எதுங்க?"

"டீச்சரம்மா மட்டுந்தாம்மா! அவங்களுக்குப் பச்சைதான், என்கிட்ட அந்த ரோல் இல்ல. ஐயோ, இடுப்பு!" (இலக்கணமெல்லாம் கீழே விழுந்தபோதே போய்விட்டது.)

அம்மையார் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். "எல்லாரும் எல்லாத்துக்கும் அஞ்சு போட்டிருக்காங்க. அதை யார் நம்புறது? இவரே இந்தப் பொண்ணை விட்டு வெச்சிருக்கார்னா, இவங்க இருக்கட்டும்."

ஷைலஜா இன்றும் அங்கேதான் பணிபுரிகிறார். புதிய நாற்காலியும் வந்துவிட்டது. ஆயினும் என்னைக் கண்டால் அவர் கை தானாக முதுகுக்குப் போய்விடும்.

தேர்ச்சி பெற்ற அன்று அவர் அந்தச் சீட்டை ஓர் உறையிலிட்டு எனக்கே திருப்பித் தந்தார். வீட்டில் என் மனைவி சரோஜா அதை வாங்கிப் படித்து, எடுத்து வைத்துக்கொண்டாள். மறுநாள் என் சான்றிதழ் கூடத்துச் சுவரில் மாட்டப்பட்டிருந்தது. அதற்கு நேர் கீழே, நான் நாளெல்லாம் அமர்ந்து கருத்துச் சொல்லும் சாய்வு நாற்காலியில், பசை தடவிப் பளிச்சென்று ஒட்டப்பட்டிருந்தது என் கையெழுத்து: "ஆட்டம் அதிகம். தகுதியற்றது. உடனடியாக அகற்றுக."

வீட்டுக்கு வருபவர்கள் இது நாற்காலியைப் பற்றியதா என்று கேட்பார்கள்.

"நாற்காலி நல்லாத்தான் இருக்குது" என்பாள் சரோஜா.