முப்பதடிக்குள் குடியிருந்தவர்

பதுளை டவுனில் கயிறும் சங்கிலியும் இல்லாமல் கட்டிப்போடப்பட்டிருந்த ஒரே மனிதர் எங்கள் முப்பதடி அண்ணன்தான். மாட்டைக் கட்டினால்கூட அது மேய்கிற அளவுக்குக் கயிற்றை நீளமாக விடுவார்கள். இவருக்கு முப்பதே அடி. அதையும் அவரே விரும்பிக் கட்டிக்கொண்டார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஐந்தாறு வருடங்களில் நடந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலே ஏறும் தெருவில் நான் ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருந்தேன். வெளிநாட்டுக்கு கோல் எடுக்கலாம், போனுக்குக் காசு ரீலோட் போடலாம், போட்டோ கொப்பி அடிக்கலாம். கடை வாசலில் ஒரு மேசையையும் ஒரு லைட்டையும் போட்டுக்கொண்டு போன் திருத்தியவர் அவர். அதற்கு முன்னே நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலை ஃபெக்டரியில் கரண்ட் வேலை பார்த்தவர். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

அவரிடம் ஒரு போன் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவர் ஒருவர் திருத்தத் தந்துவிட்டுத் திரும்பி வராத போன். எங்கள் தெருவிலேயே புளூடூத் இருந்த போன் அது ஒன்றுதான். அதன் பெட்டரி செத்துப்போயிருந்தது. சார்ஜர் வயரை மாட்டியிருக்கும்வரை அதற்கு உயிர். பிடுங்கினால் அடுத்த நிமிடம் பிணம்.

“ஊர் போனுக்கெல்லாம் பெட்டரி மாத்துறீங்க, ஒங்க போனுக்கு ஒண்ணு மாத்தினா என்னண்ணே?”

“இந்த மொடலுக்கு பெட்டரி கொழும்புலயே இல்ல தம்பி. நான் கேக்காத கடை இல்ல.”

அதனால் போன் மேசையிலேயே கிடக்கும். அவர் மட்டும் காதில் ஒரு சின்னக் கறுப்புக் கொட்டையை மாட்டிக்கொண்டு நடமாடுவார். போனுக்கு வருகிற கோல் அந்தக் கொட்டைக்குள் கேட்கும். ஆனால் முப்பது அடி தாண்டினால் கீச்சென்று கத்திவிட்டுச் செத்துவிடும். எஸ்டேட்டுகளிலிருந்து யாராவது “என் போன் முடிஞ்சிருச்சா?” என்று கேட்டு எடுப்பார்கள் என்பதால், அந்தக் கோல் தவறக்கூடாது என்று மனிதர் முப்பதடிக்குள்ளேயே வாழ்க்கையை அமைத்துக்கொண்டார்.

பக்கத்து டெய்லரிடம் டேப் வாங்கி அளந்து, தெருவில் சோக்கட்டியால் கோடு போட்டார். அந்தக் கோடு தேத்தண்ணிக் கடையின் நடுவால் போனது. முதல் இரண்டு மேசைகள் உள்ளே, மற்றதெல்லாம் வெளியே. முதல் இரண்டும் நிறைந்திருந்தால் நின்றுகொண்டே குடிப்பார். சலூனில் முதல் கதிரை மட்டும் கோட்டுக்குள் இருந்தது.

“அண்ணே, ரெண்டாவது கதிரை சும்மாதான் இருக்கு, வாங்க.”

“அங்க ஒக்காந்தா காது செத்துப்போவும். நான் நிக்கிறேன்.”

கோயில் தேர் அந்தத் தெருவால்தான் போகும். “சாமி முப்பதடிக்குள்ள வரும்போது கும்பிட்டுக்குவேன், அதுவரைக்கும் அவரு வேலைய அவரு பாக்கட்டும்” என்பார். நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார். உள்ளதைத்தான் சொல்கிறார், அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

காதில் கொட்டை மாட்டிய புதிதில், கொழுந்து எடுக்கிற அக்கா ஒருத்தி ரீலோட் போட வந்தார். இவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, “சரி சரி, நான் பாத்துக்கிறேன், நீ அழுவாத” என்று பேசிக்கொண்டிருந்தார். மேசையில் போன் தனியாகக் கிடக்கிறது, பக்கத்தில் ஆளில்லை. அந்த அக்கா என் காதோடு சொன்னார்: “நல்ல மனுசன் தம்பி. காத்து சேட்டை மாதிரி இருக்கு. ஒரு நூல் கட்டி விடுங்க.” அடுத்த முறை வரும்போது தானே ஒரு கறுப்பு நூல் கொண்டுவந்தார். அண்ணன் கோபிக்கவில்லை. கையை நீட்டிக் கட்டிக்கொண்டார். “இதுக்கும் வயர் இல்லாமதான் வேலை நடக்குது” என்றார்.

யாராவது இந்தப் புளூடூத் என்றால் என்ன என்று கேட்டுவிட்டால் போதும், திருப்புளியைக் கீழே வைத்துவிடுவார்.

“ரேடியோதான். வேற ஒண்ணுமில்ல. ஆனா நம்ம வீட்டு ரேடியோவுக்கு கொழும்புலருந்து தொண்டை கிழியக் கத்துறாங்க. இது குசுகுசுன்னு பேசுது. குசுகுசுக்கிறதுக்கு கரண்ட் கொஞ்சம் போதும். அதனாலதான் கிட்ட இருக்கணும்.”

“கண்டவன் போனுக்கெல்லாம் போயிராதா?”

“எப்படிப் போவும்? மொத ஒரு போன் தன்னைக் காட்டிக்கணும். பொண்ணு ரூமுக்குள்ள ஒளிஞ்சிருந்தா பொண்ணு பாக்க முடியுமா? அடுத்தது, பேரைச் சொல்லிக் கூப்புடணும். அப்புறம் ரெண்டும் ஒரே நம்பரைச் சொல்லணும். அது பொருத்தம். ஒருக்கா சம்பந்தம் ஆயிருச்சின்னா அடுத்த தடவ கேள்வியே கிடையாது, நேரா வீட்டுக்குள்ள வந்துரும்.”

“எடையில செவரு இருந்தா?”

“செவரு பரவாயில்ல. மனுசன்தான் ஆகாது. நம்ம ஒடம்பு பூராவும் தண்ணி. அந்தத் தண்ணி இந்தக் குசுகுசுப்பைக் குடிச்சிரும்.”

இதற்காகவே, கோல் பேசும்போது மேசைக்கும் அவருக்கும் நடுவில் எவனாவது நின்றால், “தம்பி, தண்ணித் தொட்டி, கொஞ்சம் தள்ளு” என்பார்.

இப்படி இருந்த மனிதரிடம்தான் ஒருநாள் பின்னேரம் தங்கவேலு மூச்சிரைக்க ஓடிவந்தான். ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடிக்கிற பையன். பையன் என்றால், ஆறு வயதில் மகள் இருக்கிற பையன். அவன் பெண்சாதி கனகா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் நாலு வருடம். முதலெல்லாம் மாதம் ஒருமுறை என் கடைக்குத்தான் கோல் வரும். பிறகு வேறு வீட்டுக்கு மாறினாள். ஏழு மாதமாகச் சத்தமே இல்லை. கடுதாசியும் இல்லை. என்ன ஏது என்று அவனும் கேட்காத இடமில்லை.

“அண்ணே! கனகா கூட இருந்த பொம்பள லீவுல வந்திருக்கு. சரோஜான்னு பேரு. லுணுகலை பஸ்ஸுல ஒக்காந்திருக்கு. கனகாவ போன்ல வீடியோ புடிச்சி வச்சிருக்கு. நல்லா இருக்காண்ணே!”

“பாத்தியா?”

“கொஞ்சூண்டு பாத்தேன். அந்தப் போன் அதோட தம்பிக்குக் கொண்டுபோற போனாம். அவன் கையில குடுத்தா இன்னைக்கே எல்லாத்தையும் அழிச்சிட்டுப் பாட்டு ஏத்திருவானாம். பாப்பா பாக்கணும்ணே. ‘எங்கம்மா எப்படிப்பா இருக்கும்’னு தெனம் கேக்குது. எனக்குச் சொல்லத் தெரியல.”

“பஸ் எத்தன மணிக்கி?”

“இப்ப எடுக்கப் போறாங்க.”

அண்ணன் எழுந்தார். தெருவைப் பார்த்தார். பஸ் ஸ்டாண்ட் கோட்டுக்கு அப்பால் இன்னொரு முப்பதடி. மேசையைத் தெரு ஓரம்வரை இழுத்தோம். வயர் அவ்வளவுதான் வந்தது.

“தம்பி, நீ இங்க நில்லு. அந்த வீடியோ வர்றப்ப இது ‘வாங்கிக்கவா’ன்னு இங்கிலீஷ்ல கேக்கும். யெஸ் அமுக்கு. வேற எதையும் தொட்ட, கையை ஒடிப்பேன்.”

காதிலிருந்த கொட்டையைக் கழற்றிச் சேட்டுப் பைக்குள் போட்டார். கோட்டைத் தாண்டி நடந்தார். சலூன்காரர் சவரக் கத்தியோடு வெளியே வந்து பார்த்தார். தேத்தண்ணிக் கடை முதலாளி, “என்னப்பா, யாருக்கும் ஏதும் ஆயிருச்சா?” என்று என்னிடம் கேட்டார்.

பஸ்ஸருகே நடந்ததைப் பிறகு தங்கவேலு சொல்லித்தான் தெரியும். சரோஜாவிடம் போனைக் கொஞ்சம் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறார். கொழும்பில் பஸ் ஏறும்போது ஒரு பையைப் பறிகொடுத்துவிட்டு வந்தவள் அவள்.

“குடுக்க மாட்டேன். நாலு வருசம் சட்டி கழுவுனது இந்தக் கையில இருக்கு. நீங்க நல்லவரா இருக்கலாம். அந்தப் பைய எடுத்தவனும் ‘அக்கா, தூக்கி வைக்கவா’ன்னுதான் கேட்டான்.”

“அப்ப எறங்கி வாங்கம்மா, ரெண்டு எட்டுதான்.”

“எறங்கினா சீட்டு போயிரும். புள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கு.”

அண்ணன் நேரே டிரைவரிடம் போனார். பஸ் வெளியே வருகிற வழி எங்கள் கடை வாசல்தான். அங்கே ஐந்து நிமிடம் நிறுத்த வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். டிரைவர் ஒரு மாதிரிப் பார்த்தார். அண்ணன் பெண் பார்க்கிற கதை, குசுகுசுப்புக் கதை எதையும் சொல்லவில்லை. ஒரு பிள்ளை தாயைப் பார்க்க வேண்டும், தாய் குவைத்தில் என்று மட்டும் சொன்னார்.

“மகே நங்கித் குவேட்,” என்றார் டிரைவர். அவருடைய தங்கச்சியும் அங்கேதான்.

பஸ் வந்து என் கடை வாசலில் நின்றது. டிரைவர் இறங்கி, எஞ்சின் மூடியைத் திறந்து, ஒரு போத்தல் தண்ணியை எடுத்து ஒவ்வொரு சொட்டாக ஊற்றத் தொடங்கினார். அண்ணன் ஜன்னலருகே நின்று சொல்லச் சொல்ல, சரோஜா வீடியோவை அனுப்பினாள்; என் கையில் போன் ‘வாங்கிக்கவா’ என்றது. யெஸ் அமுக்கினேன். சதவீதம் ஓட ஆரம்பித்தது. பத்து, இருபது. முப்பத்தெட்டில் இருக்கும்போது, சம்பள நாள் சாமானோடு பத்துப் பதினைந்து பேர் கூட்டமாக நடுவால் போனார்கள். அறுந்துவிட்டது.

“பூஜ்யம்ணே!” என்று கத்தினேன்.

அண்ணன் தெருவில் கைகளை விரித்துக்கொண்டு நின்றார். ஆட்களைச் சலூன் பக்கமாகத் திருப்பிவிட்டார். ஆனால் பெரிய தடை பஸ்ஸுக்குள்ளேதான் இருந்தது. சரோஜா உட்கார்ந்திருந்தது அந்தப் பக்க ஜன்னலோரம். இந்தப் பக்கம் முழுக்கத் தண்ணித் தொட்டிகள்.

அண்ணன் ஜன்னலைத் தட்டினார். “எல்லாரும் கொஞ்சம் தலையக் குனிங்க! நின்னுக்கிட்டு இருக்கிறவங்க ஒக்காருங்க! ஒரு தாயோட வீடியோ போவுது!”

“எங்கய்யா போவுது?”

“ஒங்க தலைக்கு மேலால போவுது. குனிங்க!”

பாதிப் பேருக்கு விளங்கவில்லை. விளங்காதவர்கள்தான் முதலில் குனிந்தார்கள். முன் சீட்டில் ஒரு பெரியவர் மடியில் பலாக்காயோடு இருந்தார்.

“ஐயா, அதையும் கீழ வைங்க.”

“இது பலாக்காய்ப்பா.”

“பலாக்காயும் தண்ணிதான்யா!”

பெரியவர் பலாக்காயைக் காலடியில் வைத்துவிட்டு அதன்மேல் குனிந்துகொண்டார். சரோஜா எழுந்து நின்று, வீடியோவை மறுபடி அனுப்பி, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். யெஸ் அமுக்கினேன். நான் இங்கிருந்து வீதத்தைச் சொல்ல, அண்ணன் அதை பஸ்ஸுக்குச் சொன்னார்.

“இருவது!”

“இருவதாம்!”

நாற்பதைத் தாண்டியதும் பஸ்ஸே சொல்ல ஆரம்பித்தது. சிங்களத்திலும் ஒரு பக்கம் எண்ணினார்கள். “கழுத்து வலிக்கிதுங்க” என்று ஒரு அம்மா சொன்னார். “அறுவது ஆயிருச்சி, பொறுத்துக்க” என்று இன்னொருத்தி அதட்டினாள். டிரைவரின் போத்தலில் தண்ணி முடிந்து, தேத்தண்ணிக் கடையில் இன்னொன்று வாங்கினார். பஸ் நேரம் பார்க்கிறவர் ஸ்டாண்டிலிருந்து விசில் ஊதிக்கொண்டே ஓடிவந்தவர், குனிந்திருந்த பஸ்ஸைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார்.

தங்கவேலு எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. என் பக்கத்தில் வந்து, போனை மட்டும் பார்த்தபடி நின்றான். தொண்ணூற்றைந்துக்குப் பிறகு எண்கள் நகர மறுத்தன. நான் எண்ணுவதையும் நிறுத்திவிட்டேன். 

பிறகு ‘டிங்’ என்றது.

பஸ் கைதட்டியது. பலாக்காய்ப் பெரியவர் நிமிர முடியாமல் ரெண்டு பேர் தூக்கிவிட்டார்கள்.

வீடியோ மூன்று நிமிடம். கனகா ஒரு குசினியில் நிற்கிறாள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஒருமுறை போனையும் ஒருமுறை சுவரையும் பார்க்கிறாள். “தர்ஷினி, தலைக்கு எண்ணெ வைக்கிறியா? பள்ளிக்கொடத்துக்கு அழுவாமப் போறியா? அப்பாவ ராத்திரி இருமாம மருந்து குடிக்கச் சொல்லு” என்கிறாள். பிறகு என்ன பேசுவது என்று விளங்காமல் சிரிக்கிறாள். அடுப்பில் கேத்தல் கத்துகிறது. ஓடிப்போய் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வருகிறாள். அவ்வளவுதான்.

வேறு போனுக்கு மாற்ற அன்று எங்களிடம் வேறு போன் இல்லை. என்னுடையது டோர்ச் மட்டும் அடிக்கும். இந்தப் போனோ மேசையை விட்டு நகராது. அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கவேலு மகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். அண்ணன் தன் கதிரையை அவளுக்குக் கொடுத்தார். மூன்று தரம் பார்த்தாள். மூன்றாம் தரம், “வைக்கிறேம்மா, எண்ணெ வைக்கிறேன்” என்று பதில் சொன்னாள். பிறகு கேட்டாள்:

“மாமா, இத வூட்டுக்குக் கொண்டுபோவலாமா?”

“இந்தப் போனுக்குக் கால் இல்லம்மா. நீ வா.”

ஞாயிறு தவறாமல் வந்தாள். அந்த நேரத்தில் யார் அவசரமென்று வந்தாலும் அண்ணன் கையைக் காட்டுவார்: “இருங்க, லைன்ல ஆள் இருக்கு.” பேங்க் ஐயா ஒருவர் கோபித்துக்கொண்டு அடுத்த தெருவுக்கே போய்விட்டார். அண்ணன் கவலைப்படவில்லை.

பிறகு குவைத்திலிருந்து கோல் வரத் தொடங்கியது. அதற்கடுத்த வருடம் கனகாவே வந்துவிட்டாள். அதற்குள் தோட்டத்துக்குத் தோட்டம் புளூடூத் போன் வந்துவிட்டது. மூன்று பேரும் கடைக்கு வந்தார்கள். தங்கவேலுவின் புதுப் போனுக்கு அந்த வீடியோவை அண்ணன் ஒரு நிமிடத்தில் அனுப்பிவைத்தார். யாரும் குனியவில்லை. கனகா தன்னைத்தானே பார்த்துவிட்டு, “அய்யய்ய, இப்படியா எளைச்சிருந்தேன்!” என்று வாயைப் பொத்திச் சிரித்தாள்.

அவர்கள் போன பிறகு கேட்டேன்: “அண்ணே, அதான் அவங்க கையிலயே குடுத்தாச்சே. இனி இதுல இருக்கிறத அழிச்சிரலாம்ல?”

அவர் திருப்புளியால் எதையோ முடுக்கிக்கொண்டே சொன்னார்: “கெடக்கட்டும் தம்பி. எடம் இருக்கு.”

அன்று காலையில்தான் ஒருவர் நல்ல பாட்டு ஒன்று தருகிறேன் என்றதற்கு, போனில் ஒரு பாட்டுக்குக்கூட இடமில்லை என்று அவரைத் திருப்பி அனுப்பியிருந்தார். நான் எதிர்க் கடைக்குக் குரல் கொடுத்து, இரண்டு தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னேன்.