சீன அரிசி வீங்கிய வரலாறு

சரியாக ஐந்து மணி நேரத்தில் இரண்டு நாடுகளின் வாணிபத்தை அளந்து முடித்த இடம் உலகத்தில் ஒன்றுதான்: கொட்டகலைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் தோட்டத்து அரிசி ஸ்டோர். பெருமை முழுவதும் தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் பெரிய கண்டாக்கு நாகலிங்கம் ஐயாவுக்கே.

சுவரில் ஐயா சாக்கட்டியால் இரண்டு கோடுகள் இழுத்திருந்தார். இலங்கைக்கு வரும் பர்மா அரிசியின் அளவு இறங்குகிறது. ரப்பரைக் கொடுத்து வாங்கும் சீன அரிசி ஏறுகிறது. இரண்டு கோடுகளுக்கும் நடுவிலிருந்து அவர் ஓர் "உண்மை"யைக் கண்டெடுத்தார்: சீன அரிசி வெந்தால் அதிகம் வீங்கும். ஆகவே தலைக்கு நாலு கொத்து அளந்து கொடுப்பது எதற்கு? மூன்று போதும்.

இதை "விஞ்ஞானபூர்வமாக" உறுதிசெய்ய, ஹட்டனில் விஞ்ஞானம் கற்பிக்கும் என்னை அழைத்திருந்தார்கள். நானே ஸ்டோரில் அரிசி அளந்து இரண்டு பானைகளில் உலை வைத்தேன். ஐயா ஒன்றில் "பர்மா" என்றும் மற்றதில் "சீனா" என்றும் தம் கையால் எழுதினார். தீர்ப்பு வரும்வரை யாருக்கும் அரிசி இல்லை. வெளியே ஜனங்கள் பைகளோடு நின்றார்கள்.

"ஐயா, ஒரு விஷயம்..." என்றேன்.

"வெக்கப்படாம உக்காருங்க டீச்சர். ஆராய்ச்சியில பேச்சு கூடாது."

கணக்கு எழுதும் கிளாக்கர் வைரவன் மூடிகளைத் தூக்கினார். "பர்மாச் சோறு பருக்கை பருக்கையா கைகட்டி நிக்குதுங்க. சீனாவைப் பாருங்க, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு சங்கம் வச்சிருக்கு!"

வாசலிலிருந்து கொழுந்து பறிக்கும் பேச்சியம்மா கத்தினாள். "எங்களுக்கு ஒரு நாட்டுல பிரஜையாகவே வழியக் காணோம், அரிசிக்கு ரெண்டு நாடா? வீட்டுல ஏழு வாய்ங்க கண்டாக்கையா!"

"தள்ளி நில்லும்மா. சர்வதேச விஷயம் நடக்குது."

"ஐயா, அந்த மூட்டை..." என்றேன் மறுபடியும்.

"அளவை மட்டும் சொல்லுங்க டீச்சர்."

குச்சியை விட்டுப் பார்த்தேன். இரண்டும் சமம்.

"மூடியைத் தூக்குனதால சீனச் சோறு காத்துல சுருங்கிருச்சு," என்றார் ஐயா பெருந்தன்மையோடு. "ஒரு விரல் கூட்டிக்குவோம்."

வைரவன் கைதட்டினார். மூன்று கொத்து "ஏகமனதாக" நிறைவேறியது. பேச்சியம்மா பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தாள்.

"யாருக்காவது சந்தேகம்?" என்று ஐயா முறைப்படி கேட்டார்.

சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு எழுந்தேன்.

"ரெண்டு பானையிலயும் சீன அரிசிதாங்க. ஸ்டோர்ல பர்மா அரிசியே இல்லை. தோட்டத்து பர்மா மூட்டை மூணும் போன வாரம் உங்க மகள் சடங்குலயே வெந்துருச்சு. அந்தக் காலிச் சாக்கை விரிச்சுத்தானேங்க எங்களைப் பந்தியில உக்கார வச்சீங்க?"