சென்சார் அண்ணாச்சிக்குப் பிடித்த படம்

இந்தியாவில் இதுவரை எடுக்கப்பட்ட எந்தப் படமும் சென்சார் அண்ணாச்சிக்குப் பிடித்ததில்லை. இனிமேல் எடுக்கப்போகிற படங்களையும் அவர் முன்கூட்டியே நிராகரித்து வைத்திருந்தார். ஆனால் ஒரு படத்தையும் தவறவிட மாட்டார். கேட்டால், “பாக்காம எப்படிவே திட்ட முடியும்? நியாயம்னு ஒண்ணு இல்லையா?” என்பார்.

திருநெல்வேலிக்காரர். மத்திய அரசில் ஏதோ ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். லோதி ரோடு குவார்ட்டர்ஸில் ஜாகை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும், டெல்லித் தமிழர் எவருக்கும் அது தெரியாது. அவர் மனைவியே போனை எடுத்தால் “சென்சார் வீடு” என்றுதான் சொல்வார்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அப்போது டெல்லியில் தமிழ்ப் படம் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே ஒரு காட்சி. படப்பெட்டி ரயிலில் வரும். கரோல் பாக் பக்கம் ஒரு தியேட்டரில் போடுவார்கள். மத்தியானம் ஹிந்திப் படம் உண்டு என்பதால், கடைசி சீன் முடிவதற்குள் விளக்கைப் போட்டு எங்களைத் துரத்திவிடுவார்கள். அதோடு அந்தப் படம் எந்த ஜென்மத்திலும் இந்த ஊருக்குத் திரும்பி வராது. ஆக, சினிமா விமர்சனத்தால் யாருக்கும் நயா பைசா பிரயோஜனம் இல்லாத ஊர் டெல்லி. அந்த ஊரில்தான் அண்ணாச்சி விமர்சகராக இருந்தார்.

படம் விட்டதும் தியேட்டர் வாசலில் போஸ்டருக்குக் கீழே போய் நிற்பார். ஜனம் வீட்டுக்குப் போகாமல் அவரைச் சுற்றி நிற்கும். படத்துக்கு வந்த பாதிப் பேர் அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் வந்தார்கள் என்று சத்தியம் செய்வேன்.

“பாளையங்கோட்டையில காதலிக்கான், பாட்டுக்கு மட்டும் சுவிட்சர்லாந்து போறான். என்ன, எல்.டி.சி. போட்டுட்டா போனான்? ஆபீஸ்ல எவன்வே சாங்ஷன் பண்ணினது?” என்பார். எல்.டி.சி. என்பது குடும்பத்தோடு ஊர் போய்வர அரசாங்கம் தரும் பயணச் சலுகை. அதை வாங்க முட்டி தேய அலைந்தவர்கள் நிறைந்த கூட்டம் அது. சிரிப்பில் வாசல் அதிரும். “நெஞ்சுல குண்டு பாஞ்சவன் எம்புட்டு நேரம் பேசுதான்! அந்த நேரத்துல ரெண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்கே போயிருக்கலாமே!”

எங்கள் தமிழ் மன்றத்து மாதப் பத்திரிகையிலும் எழுதுவார். காலமெல்லாம் ஃபைலில் குறிப்பு எழுதிய கை, விமர்சனத்தையும் அப்படித்தான் எழுதும். “மேற்படி படத்தின் கதாநாயகர் கல்லூரி மாணவர் எனக் கூறப்படுகிறது. பிறப்புச் சான்றிதழ் சரிபார்க்கப்பட வேண்டும். கதை குறித்து விசாரித்ததில், அப்படி எதுவும் பெறப்படவில்லை எனத் தெரிகிறது. கோப்பை மூடலாம்.” விமர்சனம் மொத்தமே அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு யமுனைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரசிகர்கள் ஆறு பேர் அவரை அடிக்க வந்தார்கள். அண்ணாச்சி அசரவில்லை.

“வாங்கடே, உக்காருங்க. அடிக்கதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. ஒவ்வொருத்தனா வந்து அடிப்பியளா, மொத்தமா அடிப்பியளா?”

பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். “மொத்தமாத்தான் சார்.”

“அதத்தாம்டே நானும் கேக்கேன்! உங்க தலைவரச் சுத்தி எட்டு பேரு நிக்கான். ஒருத்தன் அடி வாங்குத வரைக்கும் மத்தவன் க்யூவுல நிக்கான். அதென்ன ரேஷன் கடையா?”

ஆறு பேரும் டீ குடித்துவிட்டு, போகும்போது அவர் மனைவியிடம் சொல்லிக்கொண்டு போனார்கள்.

ஒரு நண்பர், தம் மூத்த மகளின் கல்யாண வீடியோவை ஆசையாகப் போட்டுக் காட்டினார். “மாப்பிள்ளை என்ட்ரி படு மோசம். தாலி கட்டினதோட கதை முடிஞ்சு போச்சு, பொறவு என்னத்துக்கு இழுக்கீரு? வெட்டும்வே” என்று விட்டார் அண்ணாச்சி. அடுத்த மகள் கல்யாணத்துக்கு அவருக்குப் பத்திரிகை வரவில்லை. அதற்கு அவர் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. “ரெண்டாம் பாகம் என்னைக்குவே நல்லாயிருந்திருக்கு?” என்றார்.

இந்த மனிதரிடம் என் கல்யாணம் போய் மாட்டிக்கொண்டது.

நான் அப்போது வங்கி குமாஸ்தா. கரோல் பாக்கில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஒற்றை அறை. வீட்டுக்காரி பஞ்சாபி, கணவரை இழந்தவர். எல்லாரும் பீஜி என்று கூப்பிடுவோம். அவருடைய ஒரே பெண் நீலம். மாடிப்படி, துணி காயப்போடும் கொடி என்று வளர்ந்து, எங்கள் விஷயம் ஒருநாள் பீஜி காதுக்குப் போயிற்று.

வீட்டைக் காலி பண்ணச் சொல்வார் என்று பெட்டியைக் கட்டினேன். அவர் சத்தமே போடவில்லை. மதராஸி என்பதோ, சோறு தின்கிறவன் என்பதோ அவருக்குப் பெரிதாகப் படவில்லை. எனக்குத் திருச்சிக்கு மாற்றல் வரப்போகிறது என்பதுதான் அவருக்குப் பயம்.

“என் மாமியார்கிட்ட நான் பட்ட பாட்டுக்கு, அழுதா அடுத்த தெருவில இருந்த என் அம்மாவுக்குக் கேட்கும். இவ அங்க அழுதா எனக்குக் கேட்குமா? பாஷைகூடத் தெரியாதே இவளுக்கு” என்றார். கண் நிறைந்துவிட்டது அவருக்கு.

என் அம்மா பால்காரரை அதட்டத் தெரியாதவள். பஞ்சாபிப் பெண் என்று எழுதியதற்கு, “அந்தப் பொண்ணு ரசம் சாப்பிடுமா?” என்று மட்டும்தான் பதிலில் கேட்டிருந்தாள். அதைச் சொன்னால் பீஜி நம்பவேண்டுமே! அவர் நம்பியது ஒன்றே ஒன்றைத்தான், சினிமாவை. “உங்க ஊர்ப் படம் ஒண்ணு பார்க்கிறேன். மாமியார் எப்படின்னு தெரிஞ்சுக்கிறேன். அப்புறம் சொல்றேன்” என்றார். கதையை நான் சொல்லக்கூடாதாம். நான் பொய் சொல்லுவேனாம். “ஞாயித்துக்கிழமை உன் ரூமுக்கு வந்து கத்துவாரே, சினிமாவைப் பத்திப் பொய்யே சொல்லமாட்டார்னு நீயே சொன்னியே, அவர் பக்கத்தில உட்கார்ந்து சொல்லட்டும்.”

அந்த ஞாயிறு எந்தப் படம் என்று விசாரித்தேன். தலை சுற்றியது. பெயர் வேண்டாம், எடுத்தவர் இன்னும் இருக்கிறார். மருமகளைப் படம் முழுக்கக் கொடுமைப்படுத்தும் மாமியார் கதை. ஓடிப்போய் அண்ணாச்சி காலைப் பிடித்தேன்.

“படத்தைப் பத்திப் பொய் சொல்லச் சொல்லுதீரா?” என்று எகிறினார். “வேற என்னத்த வேணும்னாலும் கேளும். நீரு பாங்க் மேனேஜர்னு சொல்லுதேன், ஊர்ல நாப்பது ஏக்கர் நஞ்சை இருக்குன்னு சொல்லுதேன். படத்தைப் பத்தி மட்டும் முடியாதுவே!”

ஞாயிறு வந்தது. முன் வரிசையில் பீஜி, பக்கத்தில் அண்ணாச்சி. பின் வரிசையில் நானும் நீலமும். அண்ணாச்சி பேசிய ஹிந்தியைத் தமிழில் தருகிறேன். அதில் ஆண் பெண்ணாகி, பெண் ஆணாகிப் பட்ட அவதியை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

முதல் கால் மணி நேரம் நேர்மையாகவே போனது. கதாநாயகி, கல்யாணம், புகுந்த வீடு. பிறகு நெற்றி நிறையக் குங்குமத்தோடு அந்த அம்மாள் வந்தாள். வந்ததும் வராததுமாக மருமகளின் முடியைப் பிடித்து மழையில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

பீஜி நிமிர்ந்து உட்கார்ந்தார். “யார் இவ?”

அண்ணாச்சி வாயைத் திறந்தார். பின்னால் நீலம் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு விம்மிய சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். அவளையே பார்த்தார். பிறகு திரையைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

“பெஹன்ஜி, இவங்க வீட்டுச் சொந்தக்காரி. இந்தப் பொண்ணு வாடகை தரலை.”

பீஜியின் முகம் தெளிந்தது. பெண்ணைப் பெற்றவர் போய், வீட்டை வாடகைக்கு விட்டவர் வந்து உட்கார்ந்தார்.

“அச்சா! எத்தனை மாசமா?”

“ஆச்சு, ரொம்ப மாசம்.”

“பின்ன தள்ளாம என்ன செய்வா!”

அதன் பிறகு பீஜியைப் பிடிக்க முடியவில்லை. மாமியார் சோற்றுத் தட்டை எட்டி உதைக்க, “வாடகைக்குப் பணமில்ல, சோத்துக்கு மட்டும் இருக்கோ?” என்றார். சூடு போட்டபோது மட்டும், “இது கொஞ்சம் அதிகம்” என்று முணுமுணுத்து, “நாம நோட்டீஸ்தான் அனுப்புவோம்” என்றார். தியேட்டரே ‘உச்’ கொட்டி அழ, ஒரு பஞ்சாபி அம்மாள் மட்டும் வில்லிக்குக் கை தட்டுகிறாள். எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

“சரி, பையனோட அம்மா எங்கே?” என்றார் நடுவில்.

அண்ணாச்சிக்கு வியர்த்தது. நல்லவேளை, அந்த நேரம் பார்த்து ஒரு சமையற்காரக் கிழவி மருமகளுக்கு முந்தானையில் மறைத்துச் சோறு கொண்டுவந்தாள். “அதோ! அதோ வாராங்க பாருங்க, அவங்கதான் மாமியார்!” கிழவி ஊட்டினாள். மருமகள் அழுதாள். பீஜி அழுதார். எனக்கு என்னவோ அண்ணாச்சியும் மூக்கை உறிஞ்சியதுபோல் இருந்தது.

கடைசியில் மாமியார் திருந்தி மருமகள் காலில் விழுந்ததை மட்டும் பீஜியால் ஏற்க முடியவில்லை. “சொந்த வீட்டை வெச்சிக்கிட்டு எதுக்குக் காலில் விழுறா? கோர்ட்டுக்குப் போகலாமே!”

வெளியே வந்தோம். போஸ்டருக்குக் கீழே வழக்கம்போல் கூட்டம். “அண்ணாச்சி, ஆரம்பிங்க! கிழிங்க!” அண்ணாச்சி நழுவப் பார்த்தார். பீஜி விடவில்லை. “இவங்க எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. நல்ல படமா? உங்க வீடுகள்ல மாமியார் அந்தக் கிழவி மாதிரிதானா?”

அண்ணாச்சி கூட்டத்தைப் பார்த்தார். அவர் சொல்லுக்காகவே வாராவாரம் காத்து நிற்கிற கூட்டம் அது. ஹிந்தியில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம், தெளிவாகச் சொன்னார்.

“நல்ல படம். குடும்பத்தோட பாக்கலாம்.”

“உடம்பு சரியில்லையா அண்ணாச்சி?” என்றார் ஒருவர். “தயாரிப்பாளர் சொந்தக்காரரோ?” என்றார் இன்னொருவர். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருடைய நகைச்சுவைக்கான சிரிப்பு இல்லை.

மன்றத்துப் பத்திரிகையிலும் அப்படியே எழுதினார். பீஜி யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொன்னால் என்ன செய்வது என்ற பயம். அந்தப் படத்திலும் தங்கள் தலைவர்தான் நாயகன் என்பதால், அதைப் படித்துவிட்டு அந்த ஆறு ரசிகர்களும் மாலையோடு வந்து அவர் கழுத்தில் போட்டார்கள். அடி வாங்கியிருந்தால்கூட அப்படி ஒடுங்கியிருக்க மாட்டார்.

எங்கள் கல்யாணம் நடந்தது. போஸ்டருக்குக் கீழே கூட்டம் குறைந்தது. “அந்தக் குப்பையை நல்லாயிருக்குன்னவர்தானே?” என்று நகர்ந்தார்கள். அண்ணாச்சி கொஞ்ச நேரம் தனியாக நின்றுவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடப்பார். எனக்குப் பொறுக்கவில்லை. “இப்ப உண்மையைச் சொல்லிடுங்களேன் அண்ணாச்சி” என்றேன். “சும்மா கெடயும்வே. அந்தம்மா காதுக்குப் போகும்” என்று அடக்கிவிட்டார்.

நாங்கள் திருச்சிக்கு வந்தோம். என் அம்மா நீலத்துக்கு ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்தாள், நீலம் அம்மாவுக்கு அதட்டக் கற்றுக்கொடுத்தாள். பால்காரர் பாடுதான் திண்டாட்டம்.

வருஷங்கள் கழித்து ஒரு விடுமுறைக்கு டெல்லி போயிருந்தபோது பீஜி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். “அந்தப் படத்தை டிவியில ஹிந்தியில போட்டான். முழுசாப் பார்த்தேன்.”

கையிலிருந்த டீயைக் கீழே வைத்தேன்.

“அன்னைக்கே பஸ் பிடிச்சு லோதி ரோடு போனேன். கதவைத் திறந்தார். ‘ஏன் பொய் சொன்னீங்க? உங்களை நம்பித்தானே பெண்ணைக் கொடுத்தேன்’னு கேட்டேன்.”

“என்ன சொன்னார்?”

“தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னார். அப்புறம் சொன்னார், ‘பெஹன்ஜி, அந்தப் பையன் நல்லவன். அதை உங்களுக்குச் சொல்ல, அன்னைக்கு வேற படம் ஓடலை.’”

நான் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். மாமியார் முன்னால் மாப்பிள்ளை அழுதால் நன்றாக இருக்காது பாருங்கள்.