காற்றைப் பூட்டிய அண்ணன்

சிலருக்குக் குடி, சிலருக்குச் சீட்டு. எனக்கு, ஓடாத படங்களுக்காக வக்காலத்து வாங்குகிற வியாதி. ஒரு படத்தை நாலு பேர் திட்டினால் போதும், என் பிள்ளையைத் திட்டியது போல ரோசம் பொத்துக்கொண்டு வந்துவிடும். இந்த வியாதியோடுதான் அம்மாவையும் கூட்டிக்கொண்டு சுன்னாகத்துக்குப் பெண் கேட்கப் போனேன்.

மதுராவுக்கு என்மேல் ஏற்கெனவே விருப்பம். (ஏன் என்று இன்றுவரை தெரியாது.) அவளுடைய அப்பாதான் சம்மதிக்கவேண்டும். அங்கே இன்னொரு சிக்கலும் இருந்தது. வெங்காயத் தோட்டத்துக் கிணற்றில் அவருக்கும் அவருடைய தம்பிக்கும் சரிபாதிப் பங்கு. ஒரு கோடையில், தம்பி தண்ணீர் இறைக்கவேண்டிய முறை நாளில், அண்ணன் மோட்டர் அறையைப் பூட்டிவிட்டாராம். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. "சித்தப்பா வராமல் எனக்குக் கலியாணம் வேண்டாம்" என்று மதுரா அழுது புரண்டு அவரை வரவழைத்திருந்தாள். இதையெல்லாம் என்னிடமும் சொல்லியிருந்தாள்.

"கிணத்தைப் பற்றி மட்டும் வாய் திறந்திடாதேங்கோ."

கிணற்றைப் பற்றி நான் வாய் திறக்கவே இல்லை.

அண்ணன் ஒரு மூலை, தம்பி ஒரு மூலை. இருவரும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா வடையைப் புகழ்ந்தார். பிறகு அதே வடையைத் திரும்பவும் புகழ்ந்தார்.

"ஏதோ படத்துக்காகச் சிநேகிதரோடை சண்டை பிடிச்சனீங்களாம், பிள்ளை சொன்னாள்" என்றார் சித்தப்பா, பொழுது போகாமல்.

போச்சு.

"ஓம், அது ரெண்டாம் பாகம். முதல் பாகம் மாதிரி விண்கலச் சண்டை இல்லையெண்டு சனம் திட்டுது. உண்மையிலை அதுதான் நல்ல படம், மாமா!" (மதுராவின் அப்பா இன்னும் எனக்கு மாமா ஆகவில்லை. வாய் முந்திவிட்டது.) "வேறை ஒரு கிரகம். மூச்சுவிடக் காத்தில்லை. காத்துத் தாற மெசின் ஒண்டே ஒண்டு, அண்ணனுக்கும் தம்பிக்கும் பொது. ஒருநாள் அண்ணன் அதைப் பூட்டிப்போடுறான்..."

மதுரா தேநீர்த் தட்டை நீட்ட மறந்து என்னையே முறைத்தாள். என் கதை சொல்லும் திறமை என்று நினைத்துக்கொண்டேன்.

"அந்த அண்ணன்தான் வில்லன்!" என்று முடித்தேன்.

அம்மா என் தொடையில் கிள்ளியபோதுதான் உறைத்தது. மதுராவை இழந்துவிட்டேன், அதுவும் ஓடாத ஒரு படத்துக்காக.

மாமா என்னையே பார்த்தார். "அந்தத் தம்பிக்காரன் வந்து ஒரு வார்த்தை கேட்டவனோ?"

"இல்லை... கேக்கேல்லை." (படத்தில் உண்மையிலேயே கேட்கவில்லை. அதை நான் அதுவரை கவனித்ததே இல்லை.)

"கேட்டால் திறந்திருப்பாரோ?" சித்தப்பாவும் என்னைத்தான் கேட்டார்.

"அது... படத்திலை காட்டேல்லை."

"கேட்டுப் பாத்திருக்கலாமே!" இந்த முறை மாமா தம்பியைப் பார்த்துத்தான் சொன்னார்.

"அந்தப் பூட்டின்ரை திறப்பு ஆரிட்டை இருந்தது, அண்ணை?"

அதற்குப் பிறகு நடந்த சண்டைக்குப் பக்கத்து வீட்டு நாய்களும் சேர்ந்து குரைத்தன. அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். மதுரா கதவைப் பிடித்தபடி அழுதாள். இருவருக்கும் தொண்டை கட்டிய பிறகு சித்தப்பா செருப்பைத் தேடினார்.

"நாளைக்கு ஆரின்ரை முறை?" என்றார், வாசலைப் பார்த்தபடி.

"உன்ரை" என்றார் மாமா.

கலியாணம் நடந்தது. அதற்கு அடுத்த வாரம் சாப்பாட்டின்போது, சித்தப்பாவும் பக்கத்தில் இருக்க, மாமா திடீரென்று என்னிடம் கேட்டார்.

"தம்பி, அந்தப் படத்திலை கடைசியா ஆர் மன்னிப்புக் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்லை, மாமா."

கொஞ்சம் யோசித்தார். சோற்றைப் பிசைந்தார்.

"அப்ப நல்ல படம்தான்."

இப்போது எனக்கும் மதுராவுக்கும் சண்டை வந்து, இருவரும் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு திரிந்து, பிறகு மன்னிப்பும் கேட்காமல் ஒன்றும் நடக்காததுபோல் அவள் தேநீர் நீட்டுகிற நாட்களில், சித்தப்பா எங்கிருந்தோ எட்டிப் பார்ப்பார். "என்ன, நல்ல படமோ?"